பக்கவாதத்துக்குப் பின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ன செய்கிறார்?

கேள்வி இதுதான்: மளிகைக் கடை நடத்திவந்த 61 வயதுத் தந்தைக்குப் பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் பலவீனமாகிவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபியோடு ஆக்குபேஷனல் தெரபியும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே, வீட்டுக்கு வந்துபோகும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் போதாதா, இதற்காகத் தனியாக நகரத்துக்கு அலையத்தான் வேண்டுமா என்று மகன் கேட்கிறார்.

இரண்டும் ஒன்றல்ல. பக்கவாதத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நடப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றும். பிசியோதெரபிஸ்ட் முதன்மையாகத் தசையின் வலிமை, மூட்டின் அசைவு, உடலின் சமநிலை, நடை ஆகியவற்றில் வேலை செய்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ, நோய்க்கு முன் அந்த மனிதர் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்னென்ன செய்துகொண்டிருந்தார், அவற்றில் எவற்றை இப்போது செய்ய முடியவில்லை, எவை இல்லாமல் அவரால் இருக்கவே முடியாது என்ற கேள்விகளிலிருந்து தொடங்குகிறார். உங்கள் தந்தையின் கை எத்தனை பாகை உயர்கிறது என்பதையும் அவர் அளப்பார்தான். ஆனால் அந்தக் கை சட்டைப் பொத்தானைப் போடுகிறதா, கடையில் பொட்டலம் மடிக்கிறதா என்பதே அவருடைய கணக்கு.

சோறு உண்பதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே செயல். இந்தத் துறையில் பயின்றவர் அதைப் பல படிகளாகப் பிரித்துப் பார்ப்பார்: ஒரு பக்கம் சாயாமல் உட்கார்வது, தட்டு நகராமல் இருப்பது, கையைத் தட்டுவரை நீட்டுவது, விரல்களால் பிசைந்து கவளமாகத் திரட்டுவது, முழங்கையை மடக்கி வாய்வரை கொண்டுவருவது, கவனம் சிதறாமல் மென்று விழுங்குவது. எந்தப் படியில் அறுந்துபோகிறதோ அதைப் பொறுத்தே சிகிச்சை மாறும். உடல் சாய்வதுதான் சிக்கல் என்றால் கைக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. கைப்பிடி உள்ள நாற்காலியும் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளும் உயரத்தில் மேசையும் வேண்டும். தட்டு நழுவுகிறது என்றால் அடியில் ஓர் ஈரத்துணி போதும். விரல்கள் இறுகப் பற்றவில்லை என்றால் கைப்பிடியில் துணியோ நுரையோ சுற்றிப் பருமனாக்கிய கரண்டி உதவும். புரையேறுகிறது என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் விழுங்குதலை ஆராயும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் உடனே காட்ட வேண்டும். இந்த ஆராய்ச்சிதான் இத்தொழிலின் அடிப்படைத் திறமை; மற்றவை இதிலிருந்து வருபவை.

உங்கள் தந்தைக்கு வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருப்பதால் காயம் மூளையின் இடப்பாதியில் இருக்கும். அங்கே அடிபட்டவர்களில் சிலருக்குப் பேச்சுத் தடைப்படும் என்பது பலருக்கும் தெரியும். வேறொன்றும் நேரலாம், குடும்பத்தார் அதை அடையாளம் காண்பது அரிது. கையில் பலம் இருக்கும், பொருள் இன்னதென்றும் தெரியும், ஆனால் அதைக் கையாளும் முறையும் வரிசையும் மூளையிலிருந்து நழுவியிருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷைத் தலைமுடியில் வைத்துச் சீவுவார். சட்டையின் கைப்பகுதிக்குள் தலையை நுழைப்பார். அப்ரக்சியா என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த நிலையைப் பார்த்து, மூளை குழம்பிவிட்டது என்றோ, வேண்டுமென்றே செய்கிறார் என்றோ வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். தசைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இது தானாகச் சரியாகாது. ஒரு செயலை ஒரே இடத்தில், ஒரே வரிசையில், தெரபிஸ்ட் தன் கையை அவர் கைமேல் வைத்து வழிநடத்தி, பலமுறை செய்யவைத்துத்தான் மீட்க வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

இடப்பக்கம் செயலிழந்தவர்களிடம் வேறுவகைச் சிக்கல் உண்டு. அவர்களில் சிலருக்கு உலகத்தின் இடப்பாதியே கவனத்திலிருந்து விலகிவிடும். கண் நன்றாக இருந்தும், இலையின் வலப்பக்கத்தில் உள்ளதை மட்டும் உண்டுவிட்டு, இடப்பக்க மூலையில் இருக்கும் உப்பும் ஊறுகாயும் பரிமாறப்படவே இல்லை என்று சொல்வார்கள். முகத்தில் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்வார்கள். உங்கள் வீட்டுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்பதால் குறிப்பிட்டேன்.

சிகிச்சையின் போக்கு இரண்டு வழிகளில் செல்லும்: இழந்த செயலை அந்தக் கைக்கே மீட்டுத் தருவது ஒன்று, மீளாதவற்றுக்கு மாற்று வழி அமைப்பது மற்றொன்று. எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். முதல் சில மாதங்களில்தான் மூளை வேகமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதால், அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் இடக்கைக்கு மாற்றிவிட்டால் வலக்கை பயன்படாமலேயே மறக்கப்பட்டுவிடும். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தானாக நிமிர்த்த முடிகிறவர்களுக்கு, நல்ல கையில் உறை மாட்டிக் கட்டுப்படுத்திவிட்டு, பாதிக்கப்பட்ட கையை நாள்தோறும் பல மணி நேரம் வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய இந்த முறை கடுமையானது; எல்லோருக்கும் பொருந்தாது; பொருந்துகிறவர்களிடம் நல்ல பலன் தருகிறது. கையை அசைக்கவே முடியாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி தருகிறார்கள். நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடியே அதை அசைக்கும்போது, பாதிக்கப்பட்ட கையே அசைவதுபோல் மூளைக்குத் தோன்றும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத கையில் உணரும் வலிக்காக 1990களில் கையாண்ட எளிய கண்ணாடிப் பெட்டியிலிருந்து வளர்ந்தது இது.

தோளைப் பற்றி அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். தசை தளர்ந்திருக்கும்போது வலத்தோள் மூட்டு தன் குழியிலிருந்து கீழே இறங்கி நிற்கும். அந்த நேரத்தில் எழுப்பி உட்காரவைப்பதற்காகக் கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் மாதக்கணக்கில் நீடிக்கும் தோள்வலியைக் கொண்டுவரும். வலி வந்துவிட்டால் எந்தப் பயிற்சியும் நடக்காது. உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும், படுக்கும்போதும் கைக்கு ஆதரவு இருக்கட்டும், தூக்க வேண்டியிருந்தால் இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள். வெந்நீரில் இட்டால் இளகி, கையின் வடிவத்துக்கு ஏற்ப வளையும் பிளாஸ்டிக் தகட்டில், கையை ஒரே நிலையில் தாங்கும் ஸ்பிளிண்ட் செய்து தருவதும் இவர்கள் வேலைதான். ஆனால் ஸ்பிளிண்ட்டை மாட்டிவிட்டாலே விரல்கள் இறுகாமல் காத்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. பக்கவாதத்தில் அதன் தனிப் பயன் ஆய்வுகளில் அவ்வளவாக உறுதிப்படவில்லை. எதற்காக, எத்தனை மணி நேரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அணிவதே முறை.

இனி வீட்டுக்கு வருவோம். நகரத்தில் எவ்வளவு நல்ல பயிற்சிக்கூடம் இருந்தாலும் அங்கே உங்கள் வீட்டுக் குளியலறை இல்லை. குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே இருந்தால், நடுவில் துளையிட்ட கமோட் நாற்காலியை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். சுவரில் பதிக்கும் கைப்பிடிக் கம்பி அவருடைய நல்ல கை எட்டும் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். குளிக்க, கால்களில் ரப்பர் வைத்த உறுதியான நாற்காலி வேண்டும். வாளியைத் தரையில் வைக்காமல் இடப்பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்தால் குனிய வேண்டியதில்லை. வெந்நீரின் சூட்டை இடக்கையால்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் வலக்கையில் உணர்வு குறைந்திருந்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் வேட்டி கட்டுவது கடினம் என்பதால் ஒட்டுப்பட்டை வைத்த வேட்டி வாங்கிவிடலாம், கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. வீட்டுக்கு வர முடியாத தெரபிஸ்டிடம் வாசற்படி, கட்டில், குளியலறை ஆகியவற்றின் படங்களையும் அளவுகளையும் கைபேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. வலக்கை வராதவரை இடக்கையால் உண்ணச் சொன்னால், பெரியவர்கள் பலர் அதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று நினைக்கிறார்கள். உடனே மனைவியோ மருமகளோ ஊட்டத் தொடங்குகிறார்கள். ஊட்டுவது அன்புதான். ஆனால் ஒவ்வொரு வேளையும் ஊட்டிவிட்டால், நாளில் மூன்று முறை இயல்பாகக் கிடைக்கும் பயிற்சி போய்விடும். கொஞ்ச நாளில் அவருக்கும் முயலும் எண்ணம் அற்றுப்போகும். கரண்டியை வலக்கையில் கொடுத்து முழங்கைக்கு மட்டும் தாங்கல் கொடுப்பது, முதல் ஐந்து கவளத்தை அவரே உண்டபின் மீதியை ஊட்டுவது, இட்லி போன்று எளிதில் எடுக்கக்கூடிய உணவில் தொடங்குவது எனப் படிப்படியான வழிகள் உண்டு. உணவு சிந்தும், நேரம் ஆகும். அதனால் விருந்தினர் முன்னிலையில் பயிற்சி வைக்காதீர்கள். உங்கள் அம்மாவையும் தெரபிஸ்டிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். எவ்வளவு உதவ வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் இயல்பு இன்னும் விளங்கும். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் சிலர் கூடி இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். கூட்டியவர் மருத்துவரல்லர், ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர், காசநோயாலும் இடப்பக்கச் செயலிழப்பாலும் தாமே நோயாளியாக இருந்து, வேலை செய்தே தம்மை மீட்டுக்கொண்டவர். உடனிருந்தவர்களில் மனநோய் மருத்துவரான வில்லியம் ரஷ் டன்டனும், மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளின் அன்றாடப் பழக்கங்களைச் சீரமைத்துவந்த எலினார் கிளார்க் ஸ்லேகலும் உண்டு. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களால் தேவை பெருகியது. இந்தியாவில் முதல் பயிற்சிப் பள்ளியை 1950இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, மணமுடித்து இந்தியாவுக்கு வந்தவர். 1952இல் இத்துறையினரின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனை வேரூன்றிய இடம் வேலூர். தொழுநோயால் நரம்பு செயலிழந்து மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம்மாற்றித் தைக்கும் அறுவையால் நிமிர்த்த முடியும் என்று அங்கே அறுவை மருத்துவர் பால் பிராண்ட் காட்டினார். அறுவையோடு விஷயம் முடியவில்லை. இதுவரை ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசை இனி வேறு வேலை செய்ய வேண்டும் என்று மூளைக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. உணர்ச்சியற்ற கை சூடான பாத்திரத்தைப் பற்றினால் புண்ணாகும் என்பதால் கருவிகளின் பிடியையும் மாற்ற வேண்டியிருந்தது. நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குப் போனவர் பிழைப்பதற்கு ஒரு தொழிலும் வேண்டியிருந்தது. அதனால் மரவேலையும் பொம்மை செய்வதும் அங்கே சிகிச்சையின் பகுதியாயின. பிராண்டிடம் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கை அறுவைகள் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டதற்கும் அவரே முதன்மைக் காரணர்.

மருத்துவமனைக்குள் இவர்களின் பங்கு மறுவாழ்வுப் பிரிவோடு நிற்பதில்லை. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த 104 பேரில் ஒரு பகுதியினருக்கு மயக்க மருந்து நிறுத்தப்படும் நேரத்தில், தொடக்கத்திலிருந்தே பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் தரப்பட்டன. வீடு திரும்பும்போது பிறர் உதவியின்றித் தம் காரியங்களைச் செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 59 சதவீதம், வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 35 சதவீதம். பின்னர் 2016இல், அமெரிக்க மருத்துவமனைகளின் செலவுக் கணக்கை ஆராய்ந்தவர்கள், இதய செயலிழப்பு, நிமோனியா, மாரடைப்பு ஆகிய மூன்றிலும் நோயாளி மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பும் விகிதம் குறைவதோடு தொடர்புடைய ஒரே செலவினம் ஆக்குபேஷனல் தெரபிதான் என்று கண்டார்கள். இதைக் காரணகாரியமாக நிறுவிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் மாத்திரைகளை வேளைப்படி எடுக்கத் தெரிகிறதா, வீட்டில் விழாமல் நடமாட முடியுமா என்று அனுப்புமுன் ஒருவர் பார்த்துவிட்டால், திரும்பி வருகிறவர்கள் குறைவது வியப்பில்லை.

குழந்தைகளிடமும் மனநலத்திலும் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தனிப் பதிலுக்குரிய அந்தப் பொருளை இங்கே இரண்டு சொற்களில் தொடுகிறேன். மனச்சிதைவு நோயில் நோயாளிக்கு மட்டும் கேட்கும் குரல்களை மருந்து அடக்கலாம். எழுந்து குளித்து வேலைக்குப் போகும் ஒழுங்கை மருந்து மட்டும் தந்துவிடாது. மூளைவாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஊரெங்கும் தெரபி மையங்கள் முளைத்திருக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு, ஊஞ்சலையும் வண்ணப் பந்துகளையும் காட்டிக் கட்டணம் வாங்குபவையும் உண்டு.

நல்ல தெரபிஸ்டை எப்படி அறிவது? முதல் சந்திப்பிலேயே உங்கள் தந்தையிடம் பேசுவார், உங்களிடம் மட்டும் அல்ல. எந்தச் செயலை, எத்தனை வாரத்தில், எவ்வளவு உதவியோடு செய்யவைப்பது இலக்கு என்று எழுதித் தருவார். உண்பது, குளிப்பது, உடுப்பது, படியேறுவது முதலான பத்து அன்றாடச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் தரும் ‘பார்தெல்’ (Barthel) அளவுகோல் போன்ற ஒன்றால் தொடக்கத்தில் அளந்து, சில வாரம் கழித்து மீண்டும் அளப்பார். பட்டப்படிப்பு முடித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். 2021இல் வந்த தேசியச் சட்டம் இத்துறையினரை அங்கீகரித்து, பதிவுக்கும் கல்வித் தரத்துக்கும் ஆணையம் அமைக்க வழிசெய்திருக்கிறது. கை முழுவதும் பழையபடி வந்துவிடும் என்று முதல் நாளே வாக்குக் கொடுப்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

அலைச்சலைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் பிசியோதெரபியை வீட்டுவாசலுக்கே கொண்டுவருகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளோ பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் நகர மையங்களிலுமே இருக்கிறார்கள். வாரம் மூன்று முறை பேருந்தில் அழைத்துச் சென்று அவரைக் களைப்படையச் செய்வதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் விரிவாகப் பார்த்து, வீட்டில் செய்ய வேண்டியவற்றை எழுதி வாங்கிவந்து, அதை உங்கள் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டி நடத்துவது நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. இயன்றால் முதல் மாதத்தில் மட்டும் சற்று அடிக்கடி போங்கள்.

கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் நாளே தெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சிப் பொருளே அங்கிருந்து வரும். பருப்பை அள்ளித் தராசில் இடுவது, பையின் வாயை மடிப்பது, சில்லறையை எண்ணுவது, சிட்டையைக் கூட்டிப் பார்ப்பது ஆகிய எல்லாமே கைக்கும் கவனத்துக்கும் சேர்த்துப் பயிற்சி. ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருப்பதைவிட இவற்றில் அவர் மனம் நிற்கும். கணக்கில் பிழை வருகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டபின், வாடிக்கையாளர் குறைவாக வரும் முற்பகலில் ஒரு மணி நேரம் மட்டும், எழுந்து நடமாடத் தேவையில்லாதபடி கல்லாவில் உட்காரவையுங்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சோம்பல் அல்ல. உட்கார்ந்தே இருந்தாலும் வரும். அதனால் நேரத்தை வாரக்கணக்கில்தான் கூட்ட வேண்டும். ஸ்கூட்டரை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் வலக்கையில் இருக்கின்றன. பார்வைப்புலம், கவனம், கையின் பிடி மூன்றையும் சோதித்து மருத்துவர் சம்மதிக்கும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.